சிகிச்சைக் குதிரையேற்ற மையத்து மினியேச்சர் குதிரைகளை ஷோவுக்குக் கூட்டிப் போவது பற்றி

லாயத்துத் தோழி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துவிட்டு உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

நான் ஒரு சிகிச்சைக் குதிரையேற்ற மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள், பக்கவாதத்திலிருந்து தேறி வரும் பெரியவர்கள் என்று பலர் வருகிறார்கள். ஏறி உட்கார்ந்து போவதற்குப் பெரிய குதிரைகள் இருக்கின்றன. அவை தவிர மின்னல், மல்லி என்று இரண்டு மினியேச்சர் குதிரைகளும் உண்டு. இவற்றின் மேல் நாங்கள் யாரையும் ஏற்றுவதில்லை. பெரிய குதிரையைப் பார்த்தாலே அழும் பிள்ளைகள், சக்கர நாற்காலியிலிருந்து இறங்க முடியாதவர்கள் இவர்களுக்கெல்லாம் மினிகள்தான் துணை. உடம்பைத் தேய்த்துவிடுவது, பிடரியைச் சீவுவது, கயிற்றைப் பிடித்துக் கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து நடத்திப் போவது, இப்படித் தரையில் நின்றே செய்யும் பயிற்சிகள். முதியோர் இல்லங்களுக்கும் இவற்றைக் கூட்டிக்கொண்டு போவோம்.

இப்போது மினியேச்சர் குதிரைகளுக்கென்றே நடக்கும் ஒரு ஷோவுக்கு எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மையத்துக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. அனுபவம் உள்ளவர்களே குதிரையைக் காட்டட்டும், இரண்டு பரிசு ரிப்பன் வாங்கினால் மையத்தின் பெயர் வெளியே தெரியும், நன்கொடையும் வரும் என்கிறார்கள் சிலர். அந்தப் பணத் தேவை பொய்யில்லை, குதிரை வளர்ப்பது எவ்வளவு செலவு பிடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நான் மறுபக்கம். வாராவாரம் மல்லியோடு நடக்கும் பிள்ளைகளின் கையில் கயிறு இல்லையென்றால் நாம் எதற்காகப் போகவேண்டும் என்று கேட்கிறேன். ஆனால் ஒலிபெருக்கி, கூட்டம், முன்பின் தெரியாத குதிரைகள், இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்துவது சரியா என்ற பயமும் எனக்கு இருக்கிறது.

நான் கேட்க நினைப்பது இவ்வளவுதான். எங்களைப் போன்றவர்கள் எந்தப் பிரிவில் சேர்ந்தால் பொருத்தமாக இருக்கும்? எங்களிடம் இருப்பது பெரிய குதிரைகளுக்கான டிரெய்லர், அதிலேயே மினிகளை ஏற்றலாமா? இரண்டும் மையத்தையும் முதியோர் இல்லத்தையும் தவிர வேறு எங்கும் போனதில்லை, எப்படித் தயார் செய்வது? ஆட்டிசம் உள்ள ஒரு பையனும் மின் நாற்காலியில் வரும் ஒரு சிறுமியும் மிகவும் ஆசையாக இருக்கிறார்கள், அவர்களுக்காக யாரிடம் என்ன கேட்டு வைக்கவேண்டும்? போகவே வேண்டாம் என்று யாருக்காவது தோன்றினால் அதையும் தாராளமாகச் சொல்லுங்கள்.

பிடரி:

தோழி, முதலில் ஷோவின் விதிப்புத்தகத்தை வாங்கிப் படியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஏனென்றால் மினி ஷோக்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பதிவுச் சங்கம் நடத்தும் ஷோ என்றால் அந்தச் சங்கத்தில் பதிவான குதிரை மட்டும்தான் உள்ளே போக முடியும். 1978இல் தொடங்கிய அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தில் வளர்ந்த குதிரை 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அமெரிக்க ஷெட்லாந்து போனி (குட்டை இனக் குதிரை) சங்கத்தின் கீழ் இருக்கும் இன்னொரு பதிவேட்டில் 34 வரை ஏ பிரிவு, அதற்கு மேல் 38 வரை பி பிரிவு. இன்னொன்று, மற்ற குதிரைகளைத் தோள் மேட்டில் வைத்து அளப்பார்கள், மினிகளைப் பிடரி மயிர் முடியும் இடத்தில் அளப்பார்கள், அதனால் நீங்கள் லாயத்தில் எடுத்த அளவும் அங்கே எடுக்கும் அளவும் வேறாக வரலாம். சிகிச்சை மையங்களுக்கு வரும் மினிகள் பெரும்பாலும் யாரோ தானமாகக் கொடுத்தவை, கூடவே காகிதம் வந்திருக்காது. அப்படியென்றால் பதிவு கேட்காத திறந்த ஷோவா, திறந்த பிரிவுகள் ஏதாவது உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பிரிவு பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். ஹால்டர் (தலைப்பட்டை) பிரிவைத் தொடவே வேண்டாம். அதில் நடுவர் பார்ப்பது குதிரையின் உடலமைப்பை: கழுத்து எப்படி அமைந்திருக்கிறது, கால்கள் நேராக இருக்கின்றனவா, தலை எவ்வளவு அழகு, இவ்வளவுதான். உங்கள் மல்லி எத்தனை பிள்ளைகளின் பயத்தைப் போக்கியிருக்கிறது என்பதற்கு அங்கே ஒரு மதிப்பெண்ணும் கிடையாது, அதற்காக நடுவரைக் குறை சொல்லவும் முடியாது, அந்தப் பிரிவு இனப்பெருக்கத்துக்கு ஏற்ற குதிரையைத் தேர்ந்தெடுக்க வந்தது. லிபர்ட்டி என்று ஒன்று உண்டு, பாட்டுப் போட்டுக் கயிறில்லாமல் குதிரையை ஓடவிட்டு, குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பப் பிடித்து ஹால்டர் மாட்டவேண்டும். பார்க்க மிக அழகு. ஆனால் அமைதியாக நடக்கவேண்டும் என்று நீங்கள் பழக்கி வைத்திருக்கும் குதிரையைத் துள்ளி ஓடத் தூண்டுவது அதன் வேலைக்கே எதிரானது. வண்டி இழுக்கும் பிரிவுகளுக்கு மாதக்கணக்கில் தனிப் பயிற்சி வேண்டும்.

உங்களுக்கு ஏற்றது தடைப்பாதைப் பிரிவு. கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே ஒரு சின்ன மரப்பாலத்தின் மேல் ஏறி இறங்குவது, தரையில் கிடக்கும் கம்புகளைத் தாண்டுவது, கதவைத் திறந்து மூடுவது, எல் வடிவத்தில் பின்னால் நகர்த்துவது என்று இருக்கும். வாராவாரம் உங்கள் பிள்ளைகள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதானே! வேகத்துக்காக இல்லாமல் குதிரையும் ஆளும் ஒருவரை ஒருவர் நம்பி நடக்கிறார்களா என்று பார்ப்பார்கள். ஷோமேன்ஷிப் பிரிவையும் பாருங்கள், அதில் மதிப்பெண் குதிரையின் அழகுக்கு இல்லை, நடத்துபவரின் திறமைக்குத்தான். அலங்கார உடைப் பிரிவு இருந்தால் சின்னப் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள், ஆனால் அந்த உடை குதிரையின் கண்ணையும் காலையும் மறைக்கக் கூடாது, மேலே போட்டுப் பல தடவை பழக்கியிருக்கவேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவு சில ஷோக்களில் உண்டு. இல்லையென்றாலும் அமைப்பாளருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள், அன்று காலையில் போய் நின்று கேட்கவேண்டாம். முக்கியமாக இரட்டைக் கயிறுக்கு அனுமதி கேளுங்கள். ஒரே ஹால்டரில் இரண்டு கயிறு, ஒன்று பிள்ளையின் கையில், மற்றொன்று எதிர்ப்பக்கம் நடக்கும் பயிற்சியாளரின் கையில். பயிற்சியாளரின் கயிறு தளர்வாகவே இருக்கவேண்டும், குதிரை மிரண்டால் மட்டும் அவர் பிடிப்பார். நடத்துவது பிள்ளைதான் என்பது நடுவருக்கும் தெளிவாகத் தெரியும்.

அப்புறம், ஷோவில் யாராவது வந்து "குழந்தையை ஒரு நிமிஷம் மேலே உட்காரவைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா" என்று நிச்சயம் கேட்பார்கள். முடியாது என்று சொல்ல ஒருவரை நியமித்துவிடுங்கள். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குதிரை சுமக்கக் கூடாது என்பது பொதுவான வழக்கு, 100 கிலோ மினிக்குச் சேணத்தோடு சேர்த்தே 20 கிலோதான் கணக்கு. அதிலும் அது ஆளைச் சுமந்து பழகாத குதிரை.

குளம்படி:

கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன், தயாரிப்பில் பாதி காகிதமும் ஊசியும்தான். குதிரைத் தொற்று ரத்தசோகைக்கான காகின்ஸ் சோதனை முடிவைப் பெரும்பாலான ஷோக்கள் வாசலிலேயே கேட்கும். இந்த நோய் ரத்தம் குடிக்கும் ஈக்கள் வழியாகப் பரவும், தடுப்பூசி கிடையாது, ஒருமுறை வந்த குதிரை வாழ்நாள் முழுக்க வைரஸைச் சுமக்கும். அதனால்தான் இத்தனை கெடுபிடி. அதோடு உடல்நலச் சான்றிதழ். இன்புளுயன்ஸா, ஹெர்பிஸ், டெட்டனஸ் தடுப்பூசிகள் எப்போது போட்டது என்று பாருங்கள், போடவேண்டியிருந்தால் ஷோவுக்கு முந்தின நாள் போடாமல் சில வாரங்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள், எதிர்ப்புச் சக்தி உருவாக அந்த அவகாசம் வேண்டும்.

மினிகளிடம் எனக்கு உள்ள பெரிய பயம் ஹைப்பர்லிபீமியா. பெரிய குதிரை ஒரு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் நாம் கவனிப்போம், அவ்வளவுதான். மினிகளும் போனிகளும் கழுதைகளும் பட்டினி கிடந்தால் உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு மொத்தமாக ரத்தத்தில் இறங்கி ஈரலைப் போய் அடைக்கும், உயிரே போகலாம். பயண அலுப்பும் புதிய இடமும் சேர்ந்தால் சாப்பாட்டை ஒதுக்கும் குதிரைகள் உண்டு. அதனால் "ஷோவுக்குள் இளைக்க வைக்கிறோம்" என்று தீனியைத் திடீரெனக் குறைக்கவே கூடாது. குண்டாக இருந்தால் மெதுவாக, மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறையட்டும், இல்லையென்றால் குண்டாகவே போகட்டும். வழக்கமாகத் தின்னும் உலர்புல்லையே கூட எடுத்துப் போங்கள். தண்ணீரும் அப்படித்தான், ஊர்த் தண்ணீரின் வாசனை மாறினால் குடிக்காது, குடிக்காவிட்டால் தின்ற புல் குடலில் இறுகிக் கோலிக் என்கிற வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். மினிகளுக்குக் குடல் சிறியது, அடைப்பு சீக்கிரம் வரும். போகும் வழியிலும் அங்கேயும் எவ்வளவு குடித்தது, எத்தனை முறை சாணம் போட்டது என்று ஒருவர் எழுதி வைத்துக்கொண்டே இருக்கவேண்டும். காலால் தரையைச் சுரண்டுவது, விலாப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்து உருள்வது இதில் எது தெரிந்தாலும் பிரிவும் வேண்டாம் ரிப்பனும் வேண்டாம், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

டிரெய்லர் கேள்விக்கு வருகிறேன். பெரிய குதிரைக்கான தடுப்பில் மினியை நிறுத்தினால் மார்புக் கம்பி அதன் தலைக்கு மேலே இருக்கும், பிரேக் போட்டால் நழுவிக் கம்பிக்கு அடியில் போய்விடும். நடுத் தடுப்பைக் கழற்றிவிட்டு, கீழே வரை பலகை அடைத்த பெட்டி மாதிரி இடமாக்கிக் கட்டாமல் விடுங்கள், தரையில் ரப்பர் விரிப்பும் படுக்கைத் துகளும் தாராளமாகப் போடுங்கள். இரண்டும் நன்றாகப் பழகியவை என்றால் ஒன்றாகவே போகட்டும், துணை இருந்தால் பதற்றம் குறையும். புல் வலையைத் தொங்கவிட வேண்டாம். அவ்வளவு சின்னக் குளம்பு வலைக்குள் சுலபமாக மாட்டும், வலையை உயரக் கட்டினாலும் புல் தீரத் தீர அது கீழே தொங்க ஆரம்பித்துவிடும். தரையிலேயே போடுங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். ஏறும் பலகை அவற்றுக்குச் செங்குத்தாக இருக்கும், அதை முன்பே பல நாள் பழக்கவேண்டும்.

ஷோவில் மற்ற குதிரைகளோடு மூக்கோடு மூக்கு உரசவிடாதீர்கள், வாளி, துணி, தூரிகை எதையும் இரவல் கொடுக்கவும் வாங்கவும் வேண்டாம். சளிக்கட்டி நோயும் (ஸ்ட்ராங்கிள்ஸ்) ஹெர்பிஸும் பரவ இந்த ஒரு வாளி போதும். திரும்பி வந்ததும் இரண்டு மூன்று வாரம் தனியாக வையுங்கள், தினமும் காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 37.2இலிருந்து 38.3 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் பயமில்லை, 38.6ஐத் தாண்டினால் அதைக் காய்ச்சல் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அந்த வாரங்களில் மினிகளுக்குச் சிகிச்சை வகுப்பு இருக்காது என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் பிள்ளைகள் ஏமாறக் கூடாது.

மழைச்சாரல்:

எல்லோரும் எப்படிப் போவது என்று பேசுகிறீர்கள், போகத்தான் வேண்டுமா என்று நான் கேட்கிறேன். இந்தப் பிள்ளைகளை எல்லா இடத்திலும் அளந்துகொண்டேதான் இருக்கிறார்கள். பள்ளியில் மதிப்பீடு, மருத்துவமனையில் மதிப்பீடு, எத்தனை சொல் பேசுகிறான், எத்தனை அடி நடக்கிறாள் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு தாள். குதிரை லாயம் ஒன்றுதான் யாரும் எண்ணிக்கொண்டு நிற்காத இடம். மின்னல் தன் முகத்தை ஒரு பையனின் மடியில் வைக்கும்போது அவன் எத்தனை சொல் பேசுவான் என்று பார்த்து வைப்பதில்லை. அந்த இடத்துக்கும் ஒரு நடுவரைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டுமா? குதிரைகளின் பக்கமிருந்தும் பாருங்கள். வாரம் முழுக்க அழும், கத்தும், இழுக்கும் பிள்ளைகளிடம் பொறுமையாக நிற்கிற மிருகங்களுக்கு ஓய்வு நாளில் இன்னொரு வேலை. பணம் வேண்டுமென்றால் மையத்துக்கே ஆட்களை அழைத்து ஒரு திறந்த நாள் நடத்தலாமே.

இளவேனில்:

சாரல், நீங்கள் சொல்லும் அந்த அளவுத் தாள்கள் என் வீட்டிலும் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன, ஆட்டிசம் உள்ள பையனின் அம்மா நான். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் மாறுபடுகிறேன். இந்தத் துறையே ஒரு போட்டி மைதானத்திலிருந்துதான் வேகம் பிடித்தது. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலுக்கு 1944இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே அசைவு போயிற்று. குதிரையில் ஏறவும் இறங்கவும் இன்னொருவர் தூக்கிவிடவேண்டும். அந்த நிலையில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் (குதிரையைத் துல்லியமான நடைகளில் செலுத்திக் காட்டுவது) தனிப்போட்டியில் ஆண் ராணுவ அதிகாரிகளோடு மோதி வெள்ளி வாங்கினார், 1956இலும் வெள்ளி. அதைப் பார்த்த பிறகுதான் ஐரோப்பாவில் குதிரையேற்றத்தைச் சிகிச்சையாக எடுக்கும் மையங்கள் பெருகின. 1969இல் பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் அதற்கென்றே சங்கங்கள் வந்தன, வட அமெரிக்கச் சங்கம்தான் இன்றைய பாத் இன்டர்நேஷனல். அவர் "சிகிச்சை" எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டோடு இருந்திருந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த லாயமே கிடைத்திருக்குமா தெரியாது.

எங்கள் பிள்ளைகளுக்கு எல்லோரும் உதவிதான் செய்கிறார்கள், பார்வையாளர்கள் முன்னால் "இது நான் செய்தது" என்று நிற்கும் வாய்ப்பை யாரும் தருவதில்லை. என் மகன் ஷோவுக்குப் போயிருக்கிறான், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆனால் நடுவர் வேண்டும் என்பதற்காக ஒப்பீடும் வேண்டும் என்றில்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் ஒரே அளவு திறமை உள்ளவர்களைத்தான் ஒரே குழுவில் போட்டியிட வைக்கிறார்கள், அந்த மாதிரி பிரித்துத் தரமுடியுமா என்று அமைப்பாளரிடம் கேளுங்கள். மதிப்பெண் சொல்லாமல் நடுவர் ஒவ்வொருவரிடமும் நன்றாகச் செய்த ஒரு விஷயத்தை மட்டும் சொன்னாலும் போதும்.

தோழி, உங்கள் பையனுக்காகச் சில விஷயங்கள். இடத்தின் படங்களை முன்பே வாங்கி, வாசல், நிறுத்துமிடம், மினிகளின் கூண்டு, மைதானம், கழிப்பறை, வெளியே வரும் வழி என்று வரிசையாக ஒட்டி ஒரு சின்னப் புத்தகம் செய்து தினமும் சேர்ந்து பாருங்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தையும் கைதட்டலையும் கைப்பேசியில் பதிந்து லாயத்தில் மெல்லிய சத்தத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள், இது குதிரைகளுக்கும் சேர்த்துத்தான் பயிற்சி. காது மூடி போடுகிற பிள்ளை என்றால் ஹெல்மெட்டோடு அது சரியாக உட்காருகிறதா என்று முன்பே பாருங்கள், அன்று காலையில் ஒத்துவராமல் போனால் இரண்டையும் கழற்றி எறிவான், ஹெல்மெட் இல்லாமல் குதிரைப் பக்கம் விடமாட்டார்கள். அவனுடைய பிரிவு நேரத்துக்குக் கைதட்டாமல் கையை உயர்த்தி அசைக்கும்படி பார்வையாளர்களிடம் கேட்டுக்கொள்ளலாம், கேட்டால் மறுக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. அவன் பேசாத பிள்ளை என்றால் வேண்டாம், போதும், வெளியே என்ற மூன்று அட்டைகள் எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அவன் "போதும்" அட்டையைக் காட்டினால் பாதிப் பாலத்தில் நின்றாலும் வெளியே வந்துவிடவேண்டும், "இன்னும் கொஞ்சம்தான்" என்று கெஞ்சக் கூடாது. வாசலில் திரும்பிவிட்டாலும் பரவாயில்லை என்று அவனிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். அறிவிப்பாளர் என்ன சொல்லப்போகிறார் என்று எழுதி வாங்குங்கள். ஒலிபெருக்கியில் பிள்ளையின் பெயரோடு அவனுக்கு என்ன குறை என்பதைச் சொல்லி உச்சுக்கொட்டுகிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது பெற்றோர் காதில் எப்படி விழும் என்று தெரியாமல்தான் செய்கிறார்கள், ஆனாலும் கூடவே கூடாது. பெயர், குதிரையின் பெயர், பிரிவு, அவ்வளவு போதும். நன்கொடைக்காகப் படம் எடுப்பதானால் ஒவ்வொரு குடும்பத்திடமும் தனித்தனியாக எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வேண்டாம் என்று சொன்னவர்களின் பிள்ளைகளுக்கும் ஷோவில் அதே இடம் இருக்கவேண்டும்.

லாயத்துத் தோழி:

இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அச்சடித்து மையத்தில் வைத்துப் பேசினோம். ஹால்டர் பிரிவு இல்லை என்று முடிவாகிவிட்டது, அந்தக் கட்சிக்காரர்களே விட்டுக்கொடுத்தார்கள். தடைப்பாதை மட்டும், அதுவும் பிள்ளைகள் நடத்த. சாரல், உங்கள் கேள்வியால்தான் குதிரைகளின் ஓய்வு பற்றிப் பேச ஆரம்பித்தோம். ஷோ வாரத்தில் மினிகளுக்கு வேறு வகுப்பே இல்லை, ஒவ்வொன்றும் அன்றைக்கு ஒரே ஒரு பிரிவில்தான் இறங்கும். காதைப் பின்னால் சாய்ப்பது, வாலை அடிப்பது, மூக்கைச் சுற்றி இறுகுவது, திரும்பத் திரும்பக் கொட்டாவி விடுவது இவற்றைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் இருப்பார், அவர் நிறுத்தச் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது என்றும் எழுதிவிட்டோம்.

இன்னும் புரியாமல் இருப்பது மின் நாற்காலிச் சிறுமியின் விஷயம்தான். மையத்தில் அவள் மல்லியோடு நன்றாகவே போகிறாள், ஆனால் தரை சிமெண்ட். அங்கே மணல் மைதானம். கயிற்றை நாற்காலிக் கைப்பிடியில் மாட்டிவிட்டால் அவளுக்குச் சுலபம் என்று ஒருவர் சொல்கிறார்.

சக்கரத்தடம்:

கயிற்றை நாற்காலியில் மாட்டவே மாட்டாதீர்கள். நானும் நாற்காலியில்தான் இருக்கிறேன், ஒரு மினியை வண்டியில் பூட்டி ஓட்டுகிறேன், அதனால் இதை உறுதியாகச் சொல்கிறேன். மினி என்றாலும் அது குதிரை, மிரண்டால் நாற்காலியையும் சேர்த்து இழுத்துக் கவிழ்த்துவிடும், அவளால் இறங்கவும் முடியாது. மணிக்கட்டில் சுற்றுவதும் கூடாது. விரல்களுக்குப் பிடிமானம் குறைவு என்றால் கயிற்றின் நுனியில் தடித்த நுரைக் குழாயோ பெரிய மரக்குண்டோ கோத்துக் கொடுங்கள், பிடிக்கவும் சுலபம், இழுபட்டால் தானாகக் கையைவிட்டுப் போய்விடும். பிடரி சொன்ன இரண்டாவது கயிறு இவளுக்குக் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது எந்தப் பக்கம் என்பது. வழக்கப்படி ஆள் குதிரையின் இடப்பக்கம் நின்று வலது கையில் கயிற்றைப் பிடிக்கவேண்டும். ஆனால் பல மின் நாற்காலிகளில் ஓட்டும் பிடி வலப்பக்கம்தான் இருக்கும். ஒரே கையால் நாற்காலியை ஓட்டிக்கொண்டு கயிற்றையும் பிடிக்க முடியாது. அவள் வலது கையால் ஓட்டுகிறவள் என்றால் கயிறு இடது கைக்குப் போகவேண்டும், மல்லி அவளுக்கு இடப்பக்கம் வரவேண்டும். இதை இன்றே குதிரைக்குப் பழக்க ஆரம்பியுங்கள், ஒரே பக்கம் பழகிய குதிரை மறுபக்கம் ஆள் வந்தால் குழம்பும். பக்கம் மாறி நடத்தினால் மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று நடுவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாற்காலியின் கால்பலகை மினியின் முன்னங்கால் உயரத்தில்தான் இருக்கும், திருப்பத்தில் அது எலும்பில் இடித்தால் வலி பயங்கரமாக இருக்கும், அதற்கப்புறம் எந்தச் சக்கரத்தைப் பார்த்தாலும் குதிரை விலகும். கால்பலகையின் ஓரங்களில் நுரை சுற்றுங்கள். திருப்பங்களில் குதிரையை வெளிவட்டத்தில் விட்டு நாற்காலி உள்வட்டத்தில் திரும்பப் பழகட்டும். மூக்குக்கு நேர் எதிரே போய் நிற்கவேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள், குதிரைக்கு நெற்றிக்கு முன்னாலும் மூக்குக்குக் கீழேயும் பார்வை எட்டாத ஒரு சின்ன இடம் உண்டு, நாற்காலியில் உட்கார்ந்தவரின் கை சரியாக அங்கேதான் வரும். தோள் பக்கமாக அணுகினால் அது முழுதாகப் பார்க்கும்.

மணலுக்கு வழி இருக்கிறது. ஆழமான மணலில் மின் நாற்காலி புதைந்து நின்றுவிடும், அதற்கு மேல் ஓட்டினால் மோட்டார் சூடாகும். ஷோவில் பயிற்சிக்காக விட்டிருக்கும் கெட்டித் தரையிலோ புல் இல்லாத இறுகிய மண் தரையிலோ அவளுடைய தடைப்பாதையைப் போட முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் அவள் போகும் தடத்தில் மட்டும் ரப்பர் விரிப்பு போடச் சொல்லுங்கள், லாய விரிப்பே போதும், பக்கத்தில் மல்லி மணலில் நடக்கட்டும். விரிப்பின் விளிம்பு குதிரைக்குப் புதுசு, அதையும் முன்பே காட்டிவிடுங்கள். பாலத்தின் மேல் நாற்காலி ஏறவேண்டியதில்லை, குதிரை மட்டும் ஏறி அவள் பக்கத்தில் வந்தால் போதும் என்று விதியைத் தளர்த்தித் தருவார்கள். நீளமான கயிறு அதற்குத்தான் வேண்டும், ஆனால் தரையில் தொங்கி முன்சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு நீளம் வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் என் ஆசையாகச் சொல்கிறேன். நடுவர் கேள்வி கேட்டால் அவளிடமே கேட்கட்டும், பின்னால் நிற்பவரிடம் கேட்கவேண்டாம். பதில் வர நேரமானாலும் காத்திருக்கச் சொல்லுங்கள்.

மழைச்சாரல்:

தோழி, நிறுத்தும் அதிகாரம் உள்ள அந்த ஆளை நியமித்ததற்கு நன்றி. போட்டி பற்றிய என் கருத்து முழுதாக மாறவில்லை, ஆனால் இளவேனில் சொன்ன "போதும்" அட்டை உண்மையிலேயே மதிக்கப்படும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதே உரிமை மின்னலுக்கும் இருக்கட்டும், டிரெய்லரில் ஏற மறுத்தால் அன்று அது வீட்டிலேயே நிற்கட்டும்.

லாயத்துத் தோழி:

நிச்சயமாக, அதையும் சேர்த்துவிட்டேன். சக்கரத்தடம், கயிறு எந்தக் கைக்கு என்று நாங்கள் யோசிக்கவே இல்லை, நாளையிலிருந்து மல்லிக்கு மறுபக்கப் பயிற்சி. டாக்டர், கடைசியாக ஒன்று: ஷோவுக்கு உடம்பு முழுக்க மயிரை மழித்துவிட வேண்டும் என்கிறார்களே, கட்டாயமா?

குளம்படி:

தடைப்பாதைக்குக் கட்டாயம் இல்லை. ஹால்டர் பிரிவில் உடலமைப்பு தெரியவேண்டும் என்று ஒட்ட வெட்டுவார்கள், உங்களுக்கு அந்த அவசியம் இல்லை. வெட்டினால் குளிர் இரவில் போர்வை வேண்டும், வெயிலில் இளஞ்சிவப்புத் தோல் உள்ள இடம் காந்தும். நன்றாகத் தேய்த்துச் சீவி, குளம்பைச் சுத்தம் செய்தால் போதும், பளபளப்புத் தெளிப்பான் அடிக்காதீர்கள், பிள்ளைகளின் கை வழுக்கும். மூக்கையும் கண்ணையும் சுற்றியுள்ள நீள மயிரை மட்டும் யார் கேட்டாலும் வெட்டவேண்டாம். மூக்குக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதைக் குதிரை உணர்வதே அதால்தான், சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலை முதல் அதை வெட்டிய குதிரைகளைத் தன் போட்டிகளில் சேர்ப்பதில்லை. மூக்குக்குக் கீழே பிள்ளைகளின் விரல் வருவதை மல்லி அந்த மயிரால்தான் தெரிந்துகொள்கிறது.